அந்த இடம், அந்த நாள், அந்த விஷயம்

முதல் வகுப்பில் கரும்பலகையில் ஒரு பெண்ணுடலைக் கோட்டோவியமாக வரைந்துவிட்டு, ஒவ்வோர் உறுப்பாகக் காட்டி "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்போம். தலை, தோள், முழங்கை வரைக்கும் முப்பது பேரும் போட்டி போட்டுக்கொண்டு கத்துவார்கள். சாக்பீஸ் இடுப்புக்குக் கீழே இறங்கியதும் வகுப்பே அடங்கிவிடும். யாராவது ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். ரொம்ப நேரம் கழித்துப் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "அந்த இடம்க்கா."

அந்த இடம். மாதவிடாய் என்றால் "அது". நாப்கின் என்றால் "அந்தப் பாக்கெட்". யாராவது தொடக் கூடாத விதத்தில் தொட்டால் "அந்த மாதிரி விஷயம்". பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் தன் உடம்பில் பாதிக்குச் சுட்டுப்பெயர் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கல்லூரிக்கு வரும்வரை எனக்கும் அப்படித்தான்.

எங்கள் மாணவர் தன்னார்வக் குழுவில் நான் சேர்ந்து மூன்று வருடமாகிறது. பள்ளிகளுக்குப் போய், ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிறோம். உடல் சுத்தம், பெண்கள் மீதான வன்முறை, தற்காப்பு என்று மூன்று பாடம். ஆரம்பத்தில் இவற்றை மூன்று தனித்தனிப் பாடங்களாகவே நினைத்தோம். மருத்துவம் படிக்கிறவர் சுத்தத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், சட்டம் படிக்கிறவர் வன்முறையைப் பேசட்டும், கராத்தே தெரிந்தவர் கடைசி இரண்டு வாரத்தை எடுத்துக்கொள்ளட்டும் என்று பிரித்துக்கொண்டோம். இப்போது அப்படி நினைக்கவில்லை. மூன்றும் ஒரே பாடம்தான், அது அந்தக் கரும்பலகையில் தொடங்குகிறது. தனக்கு நடந்ததை ஒரு பிள்ளை சொல்ல வேண்டுமென்றால், நடந்த இடத்துக்கு முதலில் அவளுக்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். "அவர் என்னை அங்க தொட்டார்" என்று ஒரு குழந்தை சொன்னால், வேலை அவசரத்தில் இருக்கிற அம்மா "எங்க, தோள்லயா? சரி, தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அந்தக் குழந்தை தன்னால் முடிந்த அளவு சொல்லிவிட்டது. மறுபடி சொல்லுமா என்பது சந்தேகம்.

அதனால்தான் மாதவிடாயிலிருந்து தொடங்குகிறோம். கூச்சம் அதிகம் என்றாலும் இங்கே பயம் குறைவு. ஒரு நாப்கினைப் பிரித்து மேசையில் வைத்து, நீலமை கலந்த தண்ணீரை ஊற்றச் சொல்வோம். ஒருத்தி எழுந்து வந்து தம்ளரைச் சாய்த்ததும் மற்றவர்களும் மேசையைச் சுற்றிக் கூடிவிடுவார்கள், அப்புறம் கேள்விகள் தானாக வரும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள், அதிகமாகப் போனால் அதற்கும் முன்னாலேயே. உள்ளே வைத்துக்கொள்கிற டாம்பான் என்றால் எட்டு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. துணி பயன்படுத்தினால் தப்பில்லை, ஆனால் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் நன்றாகக் காய வேண்டும். மற்ற துணிக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டால் ஈரம் நிற்கும், கிருமி வளரும். இதைச் சொல்லும்போது பாதிப் பேர் தலை குனிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். வெட்கத்துக்காக ஒளித்த துணிதான் அரிப்பையும் புண்ணையும் கொண்டுவருகிறது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

பிறப்புறுப்பின் உள்ளே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டியதில்லை, அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும் என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள். உள்ளே இருக்கிற லேசான அமிலத்தன்மைதான் கெட்ட கிருமிகளை அடக்கி வைக்கிறது, சோப்பு அதைக் கெடுத்துவிடும் என்று விளக்கிய பிறகுதான் சமாதானமாவார்கள். கழிப்பறையில் முன்னாலிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும், ஏனென்றால் பெண்களின் சிறுநீர்க்குழாய் நான்கு சென்டிமீட்டர் அளவுதான், ஆசனவாயிலிருந்து வரும் கிருமி சிறுநீர்ப்பைக்குப் போக அதிகத் தூரமில்லை. வெள்ளைப்படுதல் எல்லாமே நோயில்லை. நிறம் மாறினாலோ, வாடை வந்தாலோ, அரித்தாலோதான் மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொன்று. ஒரு மாதவிடாய் தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்க 28 நாள் கணக்கு என்று எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். (மே 28-ஐ மாதவிடாய் சுகாதார நாளாக வைத்ததுகூட ஐந்து நாள் உதிரப்போக்கு, இருபத்தெட்டு நாள் சுழற்சி என்ற கணக்கில்தான்.) ஆனால் வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் 21 நாளிலிருந்து 45 நாள்வரை எப்படி வந்தாலும் இயல்புதான். இது தெரியாமல் முப்பத்தைந்தாம் நாள் வந்ததற்காக மாதக்கணக்கில் தனக்குள்ளேயே பயந்துகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லித்தர வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நாப்கின் முழுக்க நனைந்துபோவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, மூன்று மாதம் வராமலேயே இருப்பது, பதினைந்து வயதாகியும் தொடங்காதது, இவையெல்லாம் மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயங்கள். வலியில் மயங்கி விழுகிற அளவுக்குப் போனால் "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று யார் சொன்னாலும் கேட்காதே என்றும் சேர்த்துச் சொல்வோம்.

சரி, இப்போது வகுப்பில் நாங்கள் வைக்கிற கேள்விப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு ஷூ பெட்டி. மூடியில் பிளேடால் ஒரு கீறல். வகுப்பு முடிகிறபோது எல்லோருக்கும் ஒரே அளவில் ஒரு துண்டுச்சீட்டு கொடுப்போம். கேள்வி இருப்பவர்கள் கேள்வி எழுதலாம், இல்லாதவர்கள் எதையாவது எழுத வேண்டும், ஏதாவது ஒரு பாட்டின் வரியாக இருந்தாலும் பரவாயில்லை. எல்லோருடைய பேனாவும் அசைந்தால்தான் உண்மையிலேயே எழுதுகிறவளை யாரும் கவனிக்க மாட்டார்கள். பெயர் வேண்டாம். அடுத்த வாரம் கேள்விகளை மட்டும் எடுத்து, யாருடையது என்று தெரியாதபடி எங்கள் வார்த்தையில் மாற்றிப் படித்துப் பதில் சொல்வோம்.

நான் சேர்ந்த முதல் வருடம் தற்காப்பு வகுப்பை நாங்கள் ரொம்ப உற்சாகமாக நடத்தினோம். உதை, குத்து, "தைரியமா எதிர்த்து நில்லுங்க, கத்துங்க, விடாதீங்க" என்று. பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது, கைதட்டல் எல்லாம் வந்தது. அன்றைக்குப் பெட்டியில் ஒரு சீட்டு நான்காக எட்டாக மடித்து, கடைசியில் நகக்கண் அளவுக்குச் சின்னதாக இருந்தது. பிரிக்கவே நேரமானது. உள்ளே ஒரே வரி: "நான் கத்தவே இல்லை, அப்போ என் மேலயும் தப்பு இருக்கா?"

அந்தக் கையெழுத்து இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "தப்பு" என்ற சொல்லை அடித்து, திருப்பி எழுதியிருந்தாள். எதிர்த்து நில் என்று இரண்டு மணி நேரம் நாங்கள் கத்தினோம், எதிர்க்க முடியாமல் போன ஒரு பிள்ளை அங்கே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான், ஆனாலும் நாங்கள் அவள் மேல் இன்னொரு கல்லை வைத்துவிட்டோம்.

அன்று இரவே உட்கார்ந்து படித்தோம். ஆபத்தில் உடம்பு ஓடும் அல்லது சண்டை போடும் என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவதாக ஒன்று உண்டு. உறைந்துபோவது. குரல் வராது, கை அசையாது, மூளை சொன்னாலும் உடம்பு கேட்காது. ஸ்வீடனில் வன்புணர்வுக்குப் பிறகு சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டுப் பார்த்ததில், 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் தங்கள் உடம்பு குறிப்பிடத்தக்க அளவுக்கு இப்படிச் செயலற்றுப் போனதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2017-ல் வெளியான ஆய்வு. பத்தில் ஏழு பேர்! அதாவது கத்தாமல் போனது விதிவிலக்கே இல்லை, பெரும்பாலானவர்களுக்கு நடந்தது அதுதான். அது சம்மதமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை, உயிரைக் காப்பாற்ற உடம்பு தானாக எடுக்கிற ஒரு வழி.

அடுத்த வாரம் வேறு எதையும் தொடாமல் இதைத்தான் முதலில் பேசினோம். "உங்களில் யாராவது, எப்போதாவது, கத்த முடியாமல் போயிருந்தால் அது உங்கள் தப்பு இல்லை. செய்தவர் செய்ததுதான் தப்பு. முழுத் தப்பும் அவருடையது." மூன்று முறை சொன்னோம். பள்ளியின் உளவியல் ஆலோசகருக்கு முன்னாலேயே தெரிவித்திருந்தோம், அவரும் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார், என் கதவு எந்நேரமும் திறந்திருக்கும் என்று சொன்னார். அந்தச் சீட்டை எழுதியது யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் ஆலோசகரிடம் போனாளா என்பதும் தெரியாது, நான் கேட்கவும் இல்லை, கேட்கவும் கூடாது.

அன்றிலிருந்து தற்காப்பு வகுப்பின் முதல் அரை மணி நேரம் உறைந்துபோவதைப் பற்றித்தான். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

வன்முறை பற்றிய வகுப்பில் நாங்கள் உடைக்க வேண்டிய முதல் படம், இருட்டுச் சந்தில் ஒளிந்திருக்கும் முகம் தெரியாத ஆள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் ஏறக்குறைய மூன்று பெண்களில் ஒருவர் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார், அதில் பெரும்பகுதியைச் செய்தவர் கணவரோ துணைவரோதான். குழந்தைகள் விஷயத்திலும் பெரும்பாலும் தெரிந்த ஆள்தான். மாமா, அண்ணனின் நண்பன், பாடம் சொல்லித்தருகிறவர். தெரியாத ஆளிடம் பேசாதே என்று மட்டும் வளர்த்த பிள்ளைக்குத் தெரிந்த ஆளிடம் என்ன செய்வது என்று தெரிவதில்லை, அவரை மரியாதையாக நடத்தவும் சொல்லித்தானே வளர்த்திருக்கிறோம்? அதனால் ஆளைப் பார்க்காதே, செய்கையைப் பார் என்று சொல்கிறோம். ரகசியத்துக்கும் ஒரு சோதனை உண்டு. பிறந்தநாள் பரிசு மாதிரி, ஒரு நாள் எல்லோருக்கும் தெரிந்து எல்லோரும் சந்தோஷப்படப்போகிற ரகசியம் நல்லது. "யார்கிட்டயும் எப்பவும் சொல்லக் கூடாது, சொன்னா உனக்குத்தான் கெட்ட பேர்" என்று பெரியவர் ஒருவர் சொல்கிற ரகசியத்தை அன்றைக்கே உடைத்துவிடு.

இந்த இரண்டு வருடமாகப் பெட்டியில் அதிகம் வருவது போன் பற்றிய சீட்டுதான். படம் அனுப்பச் சொல்லி நச்சரிப்பது, அனுப்பிய பிறகு மிரட்டுவது. "அனுப்பினது உன் தப்பு" என்று ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே அவள் வாயை மூடிக்கொள்வாள், மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அதுதான். பணம் கொடுக்காதே, இன்னொரு படம் அனுப்பாதே, உரையாடலை அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் இன்றைக்கே காட்டு. பதினெட்டு வயதுக்குள் எடுத்த படமாக இருந்தால் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது, காணாமல்போன குழந்தைகளுக்காக இயங்கும் அமெரிக்கத் தேசிய மையம் 2023-ல் தொடங்கியது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, உங்கள் கருவியிலேயே அந்தப் படத்துக்கு ஒரு எண்-கைரேகை மாதிரி உருவாக்கி அதை மட்டும் அனுப்பும், இதில் சேர்ந்துள்ள தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். இதைச் சொன்ன அன்று ஒரு பெண் குறிப்பேட்டில் எழுதாமல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

தற்காப்புக்கு வருகிறேன். பெற்றோர்கள் எங்களிடம் விரும்பிக் கேட்பது இதைத்தான், அடிதடி வேண்டும், பார்க்க நன்றாக இருக்கும். பன்னிரண்டு மணி நேர வகுப்பில் யாரும் சண்டை வீராங்கனை ஆகிவிட முடியாது, அப்படி நம்ப வைப்பது ஆபத்து. நாங்கள் சொல்லித்தருவது தப்பித்து ஓடுவதற்கான மூன்று நான்கு விஷயங்கள். கையைப் பிடித்தால், பிடித்தவனின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடம்தான் பலவீனம், அந்தப் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை மடக்கி வெடுக்கென்று இழுத்தால் தன்னைவிடப் பெரிய ஆளின் பிடியும் நழுவும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கில், முழங்கையால் முகத்தில், குதிகாலால் பாதத்தின் மேல். அப்புறம் ஓட்டம், வெளிச்சமும் மனிதர்களும் இருக்கிற பக்கமாக. ஜெயிப்பது நோக்கம் இல்லை.

எடித் கேரட் பற்றிப் பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வேன். ஐந்து அடிகூட உயரமில்லாத ஆங்கிலப் பெண், நூறு வருடத்துக்கு முன்னால் வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களுக்கு ஜூஜுட்ஸு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைச் சொல்லித்தந்தவர். 1913-ல் அந்தப் போராட்டத்தின் தலைவர் எம்மலின் பேங்க்ஹர்ஸ்டைக் காவலர்கள் மறுபடி மறுபடி கைது செய்யாமல் பார்த்துக்கொள்ள அமைத்த பெண்கள் பாதுகாப்புப் படைக்குப் பயிற்சி கொடுத்ததும் அவர்தான். உயரம் குறைவான பிள்ளைகள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் கையைவிட முக்கியம் குரல். "வேண்டாம்" என்ற ஒரு சொல்லை, சிரிக்காமல், மன்னிப்புக் கேட்காமல், கண்ணைப் பார்த்து உரக்கச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலான பிள்ளைகள் "வேண்டாம்" என்று சொல்லும்போது கூடவே சிரிக்கிறார்கள். மற்றவர்களை வருத்தக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பழக்கிய சிரிப்பு அது. போன தடவை ஒரு பெண்ணுக்கு முதல் மூன்று வாரமும் குரலே வரவில்லை, உதடு மட்டும் அசையும். எதிரில் நான் பயிற்சியில் அடி வாங்குகிற திண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவள் "வேண்டாம்" என்று சொன்னால்தான் நான் பின்வாங்குவேன் என்பது விளையாட்டு. நாங்கள் அவசரப்படுத்தவில்லை. நான்காம் வாரம் அவள் வாயைத் திறந்தபோது வந்தது சொல்லே இல்லை, தொண்டையிலிருந்து கிழிந்துகொண்டு ஒரு சத்தம், பக்கத்து வகுப்பிலிருந்து ஆசிரியர் ஓடி வந்து பார்த்தார். நான் உண்மையிலேயே இரண்டு எட்டுப் பின்னால் போய்விட்டேன். அதற்கு அப்புறம் அவள் அழவில்லை, தண்ணீர் கேட்டாள், குடித்துவிட்டு "இன்னொரு தடவை செய்யட்டுமாக்கா?" என்றாள்.

இதெல்லாம் உண்மையிலேயே பயன்படுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது கனடாவில் சார்லீன் சென் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வு. மூன்று பல்கலைக்கழகங்களில் கிட்டத்தட்ட 900 முதலாண்டு மாணவிகள். ஒரு பாதிக்குப் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி, மறு பாதிக்கு வழக்கமான துண்டுப்பிரசுரங்கள். ஒரு வருடம் கழித்து, வன்புணர்வுக்கு உள்ளானவர்கள் பிரசுரம் வாங்கியவர்களில் 9.8 சதவீதம், பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம். 2015-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அந்தப் பயிற்சியிலும் அடிதடி ஒரு பகுதிதான். தெரிந்த ஆண் எல்லை மீறும்போது அதை ஆபத்து என்று சீக்கிரம் அடையாளம் காண்பது, "தப்பா நினைச்சுக்குவாரோ" என்ற தயக்கத்தைத் தாண்டுவது, தன் விருப்பம் என்ன என்று தனக்கே தெளிவாகத் தெரிந்துகொள்வது, இவற்றுக்குத்தான் நிறைய நேரம். துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பும் நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 9.8 நினைவுக்கு வரும்.

ஒரு பிள்ளை வந்து சொல்லிவிட்டால் என்ன செய்வது? தன்னார்வலர்கள் பலர் தடுமாறுகிற இடம் இது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாத சத்தியம் அது. "உனக்கு உதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்வேன், உனக்குத் தெரியாம எதுவும் பண்ண மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். "ஏன்" என்று தொடங்குகிற எந்தக் கேள்வியும் வேண்டாம். ஏன் போனே, ஏன் அன்னைக்கே சொல்லலே. விசாரிப்பது நம் வேலையே இல்லை, அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்துவைத்து, பொறுப்பில் இருக்கும் பெரியவரிடம் அன்றைக்கே சேர்ப்பதுதான் வேலை. சமீபத்தில் நடந்தது என்றால் நேரம் ரொம்ப முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரை ஐந்து நாள்வரை வேலை செய்யும், இரண்டுமே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குளிக்காமல், உடை மாற்றாமல் போனால் தடயம் கிடைக்கும். ஆனால் குளித்துவிட்டாள் என்பதற்காகப் போகாமல் இருந்துவிடக் கூடாது, சிகிச்சை சிகிச்சைதான்.

ஆண் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு எப்போது என்று பலர் கேட்டு எழுதுகிறார்கள். போன வருடத்திலிருந்து எங்கள் குழுவின் மாணவர்கள் இரண்டு பேர் பக்கத்து அறையில் அவர்களோடு உட்காருகிறார்கள். அதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் அவர்கள்தான், எழுதச் சொல்லியிருக்கிறேன்.

புதிதாகச் சேர விரும்புகிறவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி உண்டு. முதல் நாள் எதையும் சொல்லித்தர மாட்டோம். இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும், ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இடையில் ஆறுதல் சொல்லக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, "எனக்கும் இப்படித்தான்" என்று ஆரம்பிக்கக் கூடாது. பெரும்பாலானவர்களால் இரண்டு நிமிடம்கூடத் தாங்க முடிவதில்லை. வருவதற்கு முன்னால் வீட்டில் யாரோடாவது பழகிப் பார்த்துவிட்டு வாருங்கள்.